புளிப்பும் புழுங்கலரிசியும்: சிட்ரிக் அமில வரலாற்றில் மலாயாவின் பங்கு

பிரிஞ்சாங் நகருக்கு வந்து திரும்புவோர் வெறுங்கையுடன் செல்வதில்லை. தேயிலை, ஸ்ட்ராபெரி, தக்காளி முதலிய மலைவிளைபொருள்களை வாங்கிச் செல்கின்றனர். ஸ்ட்ராபெரியின் புளிப்புக்கும் தக்காளியின் புளிப்புக்கும் முதன்மைக் காரணமாய் அமைவது சிட்ரிக் அமிலம். தேநீரில் எலுமிச்சை பிழிந்து ‘தே ஓ லிமாவ்’ என அருந்தும்போது, அதன் செந்நிறத்தை வெளிறச் செய்வதும் அவ்வமிலமே. தேயிலைச் செடிக்குள்ளும் அது பணியாற்றுகிறது. தேயிலை விரும்பி வளர்வது அமிலத்தன்மை மிக்க மண்ணில். அத்தகைய மண்ணில் கரையும் அலுமினியம் பல பயிர்களின் வேரைக் கெடுக்கும். தேயிலையோ அதனை உறிஞ்சி, சிட்ரேட்டோடு பிணைத்து, தண்டின் வழியே இலைகளுக்கு அனுப்பிவிடுகிறது. சிட்ரிக் அமிலத்தின் உப்பு வடிவத்தையே சிட்ரேட் என்கிறோம்.

இந்த அமிலத்தைப் பற்றி மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றையே இவ்வுரையில் நாம் ஆராய்கிறோம். அவ்வரலாற்றில் ஒரு படிப்பினை மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. ஒரு மருந்து பலிக்கிறது என்று அறிவது ஓர் அறிவு. அஃது ஏன் பலிக்கிறது என்று அறிவது மற்றோர் அறிவு. முன்னது மட்டும் கைவந்து பின்னது கைவராதபோது, கையிலிருந்த மருந்தும் நழுவிப் போகக்கூடும். அவ்வாறு நழுவிய மருந்தொன்றையும், நழுவாமல் காக்கப்பட்ட உணவொன்றையும் இங்கு அருகருகே வைத்துக் காண்போம். முன்னது ஆங்கிலேயக் கடற்படையின் எலுமிச்சைச் சாறு. பின்னது மலாயாத் தமிழரின் புழுங்கலரிசி.

1. பெயர்கள் சொல்லும் கதை

புளிப்புக் கனிகளின் பெயர்கள் நம் கடல்களைக் கடந்து உலகெங்கும் சென்றவை. பழந்தமிழில் ‘நரந்தம்’ என்றொரு சொல் உண்டு. ‘நாரத்தை’ இன்றும் நம் சமையற்கட்டில் வழங்குகிறது. வடமொழியின் ‘நாரங்கம்’ திராவிட மொழிகளிலிருந்து பெறப்பட்டிருக்கலாம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. அச்சொல் பாரசீகம், அரபு, ஸ்பானியம் வழியாகச் சென்று ‘ஆரஞ்சு’ என்னும் வடிவத்தில் நம்மிடமே திரும்பி வந்தது. ‘லைம்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மலாய் மொழியின் ‘லிமாவ்’ மூலமாய் இருக்கக்கூடும் என்றும் அகராதியாளர் கருதுவர்.

அமிலத்தின் பெயரோ இலத்தீன் மொழியில் இக்கனியினத்தைக் குறிக்கும் ‘சிட்ரஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. சுவீடன் நாட்டு வேதியியலார் கார்ல் வில்லெம் ஷீலே 1784-ஆம் ஆண்டில் எலுமிச்சைச் சாற்றில் சுண்ணாம்பு சேர்த்து, அதில் படிந்த பொருளைக் கந்தக அமிலத்தால் பிரித்து, இவ்வமிலத்தைத் தூய படிகமாக எடுத்தார். எலுமிச்சையின் சாரம் கையில் கிடைத்துவிட்டது என்று அறிவுலகம் எண்ணியது. பின்னர் எழுந்த குழப்பத்துக்கு அவ்வெண்ணமே வித்தாயிற்று.

2. கடலில் தொலைந்த மருந்து

ஈறு வீங்கிக் குருதி கசிதல், பழம்புண் மீண்டும் திறத்தல், கைகால் ஓய்தல், முடிவில் சாவு: இவை ஸ்கர்வி நோயின் குறிகள். மாதக்கணக்கில் கடலில் கழித்த மாலுமிகளை இந்நோய் கொள்ளை கொண்டது. 1747-இல் ஜேம்ஸ் லிண்டு என்னும் கப்பல் மருத்துவர், ‘சாலிஸ்பரி’ கப்பலில் நோயுற்ற 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர்.

மாணவர்கள் இச்சோதனையின் மற்ற ஐந்து இணைகளையும் கவனிக்க வேண்டும். ஓரிணைக்கு வினிகர் எனப்படும் காடி கொடுக்கப்பட்டது. மற்றோரிணைக்கு நீர்த்த கந்தக அமிலம் கொடுக்கப்பட்டது. இரண்டும் புளிப்பானவை, இரண்டும் பழங்களுக்கு ஈடாகவில்லை. புளிப்பு நோயைத் தீர்க்கவில்லை என்பதற்கான சான்று அன்றே கண்முன் இருந்தது. அதனை அவ்வாறு படிக்க எவரும் முன்வரவில்லை.

1795 முதல் ஆங்கிலேயக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கியது. ஸ்கர்வி ஏறத்தாழ மறைந்தது. ஏன் மறைந்தது என்ற வினாவுக்கு, ‘அமிலத்தால்’ என்பதே பெரும்பாலோர் தந்த விடை. அமிலமே மருந்தானால், எந்தக் கனியின் அமிலமாய் இருந்தால் என்ன? 1860-களில் கடற்படை மத்தியதரைக் கடற்பகுதியின் பெரிய எலுமிச்சையை விடுத்து, ஆங்கிலேயர் ஆண்ட மேற்கிந்தியத் தீவுகளின் சிறிய பச்சை எலுமிச்சைக்கு மாறியது. அதன் சாறு புளிப்பில் குறைந்ததன்று. ஆயினும் நோயைத் தடுக்கும் பொருள் அதில் மிகக் குறைவு. செப்புக் குழாய்களில் பாய்ந்தும் காற்றுப்பட்டுக் காத்திருந்தும் எஞ்சியதும் அழிந்தது.

இந்த இழப்பு உடனே வெளிப்படவில்லை. நீராவிக் கப்பல்கள் பயணக் காலத்தைக் குறைத்துவிட்டதால், நோய் தோன்றுமுன் மாலுமிகள் கரைசேர்ந்தனர். 1875–76-இல் வடதுருவம் நோக்கிச் சென்ற நேர்ஸ் பயணக்குழு மாதக்கணக்கில் பனியில் தங்கியபோதே உண்மை வெளிவந்தது. எலுமிச்சைச் சாறு வழங்கப்பட்டும் ஸ்கர்வி தாக்கியது. அதன்பின் நேர்ந்தது இன்னும் வருந்தத்தக்கது. மருந்து மாறிப்போனதை உணராத அறிஞர் பலர், எலுமிச்சையே பயனற்றது என்றும், கெட்டுப்போன டின் இறைச்சியின் நஞ்சே நோய்க்குக் காரணம் என்றும் கருதலாயினர். நூறாண்டுக்கு முந்தைய மாலுமி அறிந்திருந்ததை அவர்கள் இழந்தனர். தூய பச்சை எலுமிச்சைச் சாற்றின் ஆற்றல் பெரிய எலுமிச்சைச் சாற்றின் ஆற்றலில் ஏறத்தாழ கால்பங்கே என்பதை, 1918-இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் ஹேரியட் சிக் குழுவினர் விலங்குச் சோதனை வழியே காட்டினர்.

3. மலாயாவில் அரிசி தந்த சான்று

எலுமிச்சையைப் பற்றி ஐரோப்பா இவ்வாறு குழம்பியிருந்த காலத்தில், மலாயாவில் பெரிபெரி என்னும் வேறொரு நோய் பரவியிருந்தது. கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், உடல் வீங்கும், இதயம் ஓய்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பெருந்தொகையில் இந்நோய்க்கு இரையாயினர். அதே மாநிலங்களில் தோட்டங்களிலும் சாலைகளிலும் உழைத்த தமிழரிடையே அது மிகக் குறைவாகவே காணப்பட்டது.

தமிழரின் வாழ்வு எளிதாய் இருந்ததன்று. கடும் உழைப்பும் நெருக்கடியான குடியிருப்பும் மலேரியாவும் அவர்களையும் வாட்டின. அப்படியிருக்க இந்த ஒரு நோய் மட்டும் அவர்களை விட்டு விலகியதேன்? இனத்தின் இயல்பு என்றனர் சிலர். தொற்று என்றனர் சிலர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் லெனர்டு பிராடன் அவர்களின் உணவைப் பார்த்தார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய வெள்ளையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. மலாய்க்காரர் தம் நெல்லைத் தாமே குத்தி உண்டனர். நோயின் வரைபடமும் அரிசியின் வரைபடமும் ஒத்திருந்தன. 1907-இல் வெளிவந்த தம் நூலில் பிராடன் இதனை விரிவாக நிறுவினார். ஆயினும் காரணம் கூறும் இடத்தில், சேமித்து வைத்த வெள்ளையரிசியில் உண்டாகும் நஞ்சே நோயைத் தருகிறது என்றார். அவர் கண்டது சரி. கண்டதற்குத் தந்த விளக்கம் பிழை. எலுமிச்சையின் கதை அரிசியில் மீண்டும் நிகழவிருந்தது.

அதைத் தடுத்தவை முறையான சோதனைகள். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர், 1905-இன் இறுதியில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு வெள்ளையரிசியும் மற்றொன்றுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துவந்தார். வெள்ளையரிசிப் பிரிவில் பலரைப் பெரிபெரி தாக்கியது, உயிர்களும் போயின. புழுங்கலரிசிப் பிரிவில் நோய் புதிதாகத் தோன்றவில்லை. தம் ஒப்புதலைச் சொல்லும் நிலையில் இல்லாத மனிதரைக் கொண்டு செய்யப்பட்ட இச்சோதனையை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. பெயர் தெரியாத அந்நோயாளிகளுக்கு அறிவுலகம் கடன்பட்டிருக்கிறது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஹென்றி பிரேசரும் ஏ. டி. ஸ்டாண்டனும் 1907-இல் நெகிரி செம்பிலானின் காட்டுப் பகுதியில் சாலையமைத்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடம் இதே வினாவை ஆராய்ந்தனர். புதிய காட்டில் புதிய குடியிருப்பு. எனவே பழைய தொற்று என்று சொல்ல இடமில்லை. அனைவரும் ஒரே இனத்தவர். எனவே இனத்தின் இயல்பு என்று சொல்லவும் இடமில்லை. அங்கும் வெள்ளையரிசி உண்டவரையே நோய் தாக்கியது. தீட்டும்போது அரிசியிலிருந்து நீங்கும் ஏதோ ஒரு பொருளே நோயைத் தடுக்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். ஜாவாவில் ஐக்மனும் கிரைன்சும் கோழிகளைக் கொண்டு முன்பே தொடங்கிய ஆய்வு, மலாயாவில் மனிதரிடம் உறுதிபெற்றது.

அப்பொருள் தயாமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1. 1926-இல் அன்றைய பத்தாவியாவில் ஜான்சனும் டோனாத்தும் அதனைத் தூய வடிவில் பிரித்தெடுத்தனர். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் இச்சத்து தவிட்டிலிருந்து அரிசியின் உட்பகுதிக்கு இறங்குகிறது. பின்னர் தீட்டினாலும் அதில் பெரும்பகுதி எஞ்சுகிறது. நெல் அவித்த பெண்கள் தயாமினை அறிந்தவர்களல்லர். அவர்களின் பழக்கம் ஒரு மக்கள்திரளைக் காத்தது.

ஸ்கர்வியின் புதிருக்கும் இவ்வழியிலேயே விடை கிட்டியது. நார்வே மாலுமிகளிடையே கண்ட பெரிபெரி போன்றதொரு நோயை ஆராய்ந்த ஆக்செல் ஹோல்ஸ்ட், பத்தாவியா ஆய்வுகளை நேரில் கண்டு திரும்பியவர். அவரும் தியோடர் பிரோலிக்கும் கினிப்பன்றிகளுக்குத் தானிய உணவு மட்டும் கொடுத்தபோது, அவற்றுக்கு வந்தது ஸ்கர்வி. 1907-இல் வெளியான அம்முடிவே எலுமிச்சையின் மறைபொருளைத் தேடும் வழியைத் திறந்தது.

4. இரு வழிகளும் கூடும் இடம்

அம்மறைபொருளைப் பிரித்தவர் ஹங்கேரிய அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி. 1928-இல் கேம்பிரிட்ஜில் அவர் பிரித்தெடுத்த பொருளே உயிர்ச்சத்து சி என்பது 1932-இல் தெளிவாயிற்று. மிளகாய் இனத்தைச் சேர்ந்த பாப்ரிகாவிலிருந்து அதனைப் பெருமளவில் எடுத்தார். சிட்ரிக் அமிலம் வேறு. உயிர்ச்சத்து சி வேறு என்பது இவ்வாறு ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது.

இனி, சிட்ரிக் அமிலம் வெறும் புளிப்புத்தானா என்று கேட்கலாம். 1937-இல் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் கிரெப்ஸும் வில்லியம் ஜான்சனும் புறாவின் மார்புத் தசையைக் கொண்டு அதற்கு விடை கண்டனர். நாம் உண்ணும் சோறும் கொழுப்பும் சிதைந்து, முடிவில் இரண்டு கரிம அணுக்கள் கொண்ட ஒரு துண்டாகின்றன. அத்துண்டு நான்கு கரிம அணுக்கள் கொண்ட ஒரு பொருளோடு கூடும்போது பிறப்பது ஆறு கரிம அணுக்கள் கொண்ட சிட்ரேட். அது படிப்படியாக மாறி, கரியமில வாயுவையும் ஆற்றலுக்கு வேண்டிய பொருள்களையும் தந்து, மீண்டும் நான்கு அணுப் பொருளாகிச் சுற்றைத் தொடங்குகிறது. இதுவே சிட்ரிக் அமிலச் சுழற்சி. இக்கட்டுரையை ‘நேச்சர்’ இதழ் உடனே ஏற்கவில்லை. வேறோர் இதழில் அது வெளிவந்தது. 1953-இல் கிரெப்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இச்சுழற்சிக்கு வழிவகுத்த ஆய்வுகளில் சென்ட்-ஜியார்ஜியின் தசை ஆய்வும் ஒன்று. அவர் 1937-இல் பெற்ற நோபல் பரிசு, உயிர்ச்சத்து சி ஆய்வோடு இதையும் சேர்த்தே போற்றியது.

மலாயாவின் அரிசி இச்சுழற்சியில் எங்கே வருகிறது? சோற்றின் மாவுச்சத்து சிதைந்து உண்டாகும் பைருவேட் இச்சுழற்சிக்குள் நுழைய ஒரு வாயிலைக் கடக்க வேண்டும். அவ்வாயிலைத் திறக்கும் நொதிக்குத் தயாமின் துணை வேண்டும். சுழற்சியின் உள்ளேயும் ஒரு படிக்கு அதே துணை வேண்டும். தயாமின் இன்றேல், வயிறு நிறையச் சோறுண்டும் உயிரணு ஆற்றலின்றித் தவிக்கும். ஆற்றலை மிகுதியாய் வேண்டும் நரம்பும் இதயமும் முதலில் வீழும். ஆக்ஸ்போர்டில் ருடால்ப் பீட்டர்ஸ் 1930-களில் புறாக்களைக் கொண்டு இவ்வுண்மையை வெளிப்படுத்தினார். சிட்ரிக் அமிலச் சுழற்சி தடைபட்டால் மனித உடலுக்கு என்ன நேரும் என்பதற்கு, பெயரறியாமலே கிடைத்த மாபெரும் சான்று மலாயாவின் பெரிபெரி.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் இச்சோதனைகளுக்குப் பின் எழுந்தவை. 1885-இல் வில்லியம் கேமரன் கண்டறிந்து கூறிய மேட்டுநிலத்தில், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தோட்டத்தை நிறுவினார். பிரிஞ்சாங் அருகிலுள்ள சுங்கை பாலாஸ் அத்தோட்டங்களுள் ஒன்று. அச்சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளிய தமிழ்த் தொழிலாளரின் ஒவ்வோர் அடியும் அவர்தம் தசையில் சுழன்ற சிட்ரேட்டின் ஆற்றலால் எடுத்து வைக்கப்பட்டது.

5. குருதியும் உப்புநீரும்

சிட்ரேட் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. இந்த ஓர் இயல்பே மருத்துவத்தில் அதற்குப் பெரும்புகழ் தந்தது. குருதி உறைவதற்குக் கால்சியம் வேண்டும். சிட்ரேட் சேர்ந்தால் உறைதல் நிற்கும். 1914-இல் பெல்ஜியத்தின் ஆல்பர்ட் ஹஸ்டினும் அர்ஜென்டினாவின் லூயிஸ் அகோட்டேயும் சிட்ரேட் சேர்த்த குருதியை நோயாளிகளுக்குச் செலுத்தினர். தீங்கற்ற அளவு ஏறத்தாழ 0.2 விழுக்காடு என்பதை 1915-இல் ரிச்சர்டு லூயிசோன் வரையறுத்தார். அதற்குமுன் கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே படுத்திருக்க வேண்டியிருந்தது. இன்று குருதிக்கொடை முகாம்களில் நாம் காணும் பைகளில் முன்பே இடப்பட்டிருக்கும் தெளிந்த நீர்மத்தில் சிட்ரேட் உள்ளது.

சிறுநீரிலும் சிட்ரேட் கால்சியத்தைப் பற்றிக் கல் உருவாவதைத் தடுக்கிறது. சிறுநீரில் அது குறைந்தோர்க்குக் கல் தோன்றும் வாய்ப்பு மிகுதி. அத்தகையோர்க்கு மருத்துவர் பொட்டாசியம் சிட்ரேட்டை அளவறிந்து கொடுக்கின்றனர்.

வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைப் பொடியிலும் சிட்ரேட் உண்டு. 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்நீரைக் கொடுத்து எண்ணற்றோரைக் காத்தபோது, அதில் இருந்தது சோடியம் பைகார்பனேட்டு. வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் அப்பொடி நிறம் மாறிக் கட்டிபட்டது. ஆதலின் 1984 முதல் உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு மாற்றாகச் சோடியம் சிட்ரேட்டைப் பரிந்துரைத்தது. 2002-இல் திருத்தப்பட்ட அளவின்படி ஒரு லிட்டர் நீருக்கு அது 2.9 கிராம். சிட்ரேட் உடலுக்குள் சென்றதும் முன்சொன்ன சுழற்சியிலே எரிந்து, வேண்டிய பைகார்பனேட்டைத் தானே தருகிறது. கிரெப்ஸின் கண்டுபிடிப்பு ஒரு சிறு பொட்டலத்தில் குழந்தைகளைக் காக்கிறது.

6. வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

இன்று கடைகளில் விற்கும் புளிப்பு மிட்டாயின் உறையில் மலாய் மொழியில் ‘அசிட் சித்ரிக்’ என்றோ 330 என்னும் எண்ணாகவோ ஒரு குறிப்பு இருக்கும். அவ்வமிலம் எலுமிச்சையிலிருந்து வந்ததன்று. ‘அஸ்பெர்ஜில்லஸ் நைஜர்’ என்னும் கரும்பூஞ்சை சர்க்கரையை அமிலமாக மாற்றும் முறையை 1917-இல் ஜேம்ஸ் கரி வெளியிட்டார். 1919-இல் பைசர் நிறுவனம் அதனைத் தொழிலாக்கியது. அம்முறையே இன்றும் உலகுக்குச் சிட்ரிக் அமிலம் தருகிறது. அவ்வமிலத்தால் தீங்கில்லை, அதில் உயிர்ச்சத்து சி-யும் இல்லை. இந்நிலையில் ‘எலுமிச்சை அமிலம்’ என்று தமிழாக்கினால் பழைய குழப்பம் புதுப்பிக்கப்படுமோ என்று கேட்கலாம். ‘சிட்ரிக்’ என்பதும் இலத்தீனில் அதையே சொல்கிறது. பெயர் பிறந்த கதையைத்தான் சொல்லும். பொருளின் செயலை ஆசிரியரே விளக்க வேண்டும்.

தமிழில் ‘புளிப்பு’ என்னும் ஒரு சொல் பல அமிலங்களுக்குப் பொது. புளியில் மிகுந்திருப்பது டார்டாரிக் அமிலம். தயிரில் லாக்டிக் அமிலம். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். புளிப்பைக் கொண்டு உயிர்ச்சத்தை அளக்கவும் இயலாது. எலுமிச்சையைவிடப் புளிப்பில் குறைந்த ஸ்ட்ராபெரியில் உயிர்ச்சத்து சி கூடுதல். புளிப்பே அரிதான கொய்யாவில் இன்னும் கூடுதல். நன்கு புளிக்கும் புளியிலோ மிகக் குறைவு. வெயிலில் பலநாள் உலர்ந்த நாரத்தங்காய் ஊறுகாயில் அமிலம் அப்படியே இருக்கும். உயிர்ச்சத்து சி பெரும்பாலும் அழிந்திருக்கும். கடற்படைச் சாற்றுக்கு நேர்ந்ததும் அதுவே. மாணவர் தம் வீட்டு அடுக்களையிலேயே இவ்வேறுபாட்டைக் கற்கலாம்.

நம் முன்னோரின் உணவுப் பழக்கங்களைப் பற்றி இன்று இரு குரல்கள் கேட்கின்றன. பழையது யாவும் அறிவியலே என்கிறது ஒன்று. பழையது யாவும் பழங்கதையே என்கிறது மற்றொன்று. எலுமிச்சையும் புழுங்கலரிசியும் இரண்டையும் மறுக்கின்றன. எலுமிச்சைப் பழக்கம் உண்மையானது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் பொய்யானதால் அது கைநழுவியது. புழுங்கலரிசிப் பழக்கமும் உண்மையானது. அதன் காரணம் சோதித்து அறியப்பட்டதால், வெள்ளையரிசி உண்டோரையும் காக்கும் அறிவாக அது வளர்ந்தது. பாட்டி சொன்னதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் மாணவன், ‘ஏன்?’ என்னும் வினாவையும் அதனருகே எழுதிக்கொள்ளட்டும். அவ்வினாவைத் தமிழில் கேட்கவும், அதன் விடையைத் தமிழில் பெறவும் துணைநிற்பது ஆசிரியர்களாகிய நம் கடன்.